இடுப்புவலிக்காரனின் இலையுதிர்கால வகுப்பு

இந்த ஐப்பசியில் மாமனாரின் காட்டுக்குப் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். காடு என்றால் புலி, கரடி இருக்கும் காடல்ல. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் நிலக்கடலை. புலி, கரடி என்றால்கூடப் போயிருப்பேன். அவை யாரையும் குனியச் சொல்வதில்லை.

பதினான்கு வருடம் டொராண்டோவில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த இடுப்பு இது. ஊர் திரும்பி சூரமங்கலத்தில் குடியேறிய முதல் ஐப்பசியில், "ஒரு கை புடிங்க மாப்ள" என்றார் மாமனார் செங்கோட்டையன். பிடித்தேன். மூன்று நாள் தைலமும் நானுமாகக் கிடந்தேன்.

இந்த வருடம் புதன்கிழமையே மாமனாரின் போன் வந்துவிட்டது. மனைவி கலைமணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மழ பேஞ்சு மண்ணு எளகிக் கெடக்குது சாமி. இப்பப் புடுங்குனாத்தான் உண்டு. அடுத்த மழ வந்துச்சுன்னா காயெல்லாம் மண்ணுக்குள்ளயே மொளச்சுப் போயிரும். ஆளு ஒண்ணுங் கெடைக்கல. ஞாயித்துக்கெழம மாப்ளைய வரச் சொல்லு."

எழுபத்து மூன்று வயது மனிதர். குரலில் கவலை இருந்தது. எனக்கும் கவலைதான். என்னுடையது இடுப்பைப் பற்றியது.

"ஞாயித்துக்கெழமையா? அன்னிக்கு நம்ம அபார்ட்மென்ட் குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சி வெச்சிருக்கேனே" என்றேன். அந்த நொடி வரை அப்படி ஒன்று உலகத்தில் இல்லை.

"என்ன நிகழ்ச்சிங்க?"

"இலையுதிர்காலக் கற்றல் நாள். குடும்பத்தோட வெளியில போய் இயற்கையக் கத்துக்கறது. டொராண்டோல இந்த மாசம் பூரா இதுதான். குழந்தைங்க கலர் கலரா இலை பொறுக்கும்."

"ஏனுங்க, ஐப்பசியில நம்மூர்ல எந்த மரமுங்க எல உதுக்குது?"

"இலை முக்கியமில்ல. நோக்கம் முக்கியம்."

"அதுவுஞ் செரிதானுங்க."

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமிதம்.

அன்றே உட்கார்ந்து பயிற்சித்தாள் எழுதினேன். மண்ணைத் தொட்டு, முகர்ந்து பார்க்கவும். ஒரு செடியை வேரோடு எடுத்து, மண்ணுக்கடியில் ஒளிந்திருப்பதைக் காணவும். கிடைத்ததைப் பெரிது, சிறிது என்று பிரிக்கவும். இப்படி இரண்டு பக்கம். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு விதி: 'எதையும் ஒருங்கிணைப்பாளர் முதலில் தானே செய்துகாட்ட வேண்டும்.' ஒருங்கிணைப்பாளர் நான்தான். அபார்ட்மென்ட் புல்தரையில் ஒரு புல்லைப் பிடுங்கிக் காட்டிவிட்டு, வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவதாக உத்தேசம்.

கலைமணி தாளை இரண்டு முறை படித்தாள்.

"அருமையா இருக்குதுங்க. எடத்தையும் வேனையும் நான் பாத்துக்கறேன். நீங்க பேப்பர மட்டும் பிரிண்ட் போடுங்க."

வேன் என்றதும், நாற்காலி போட நிழலுள்ள ஏதோ பூங்கா என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட மனைவி!

ஞாயிறு காலை வேனில் பதின்மூன்று குழந்தைகள், அவர்களைப் பெற்றவர்கள். எதிர்வீட்டு சரவணக்குமார், ரயில்வேக்காரர், தொப்பி போட்டு வந்திருந்தார்.

"எங்க சார் போறோம்?"

"இயற்கைக்கு."

ராசிபுரம் தாண்டியபோது, இயற்கைக்கு இவ்வளவு தூரமா என்று தோன்றியது. கொல்லிமலை ஜன்னலில் தெரிந்ததும் கலைமணி பக்கம் திரும்பினேன்.

"கலை... இது உங்கப்பா காட்டுக்குப் போற வழியாச்சே?"

"இல்லீங்க. கற்றல் நாளுக்குப் போற வழி."

வரப்பில் துண்டோடு நின்றிருந்தார் மாமனார். "வாங்க மாப்ள! ஒரு பள்ளிக்கூடத்தையே கூட்டியாந்துட்டீங்க!"

"எனக்கு இடுப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாங்க," என்றாள் கலைமணி, பரிவாக. "லிஃப்ட் ஓடலைன்னு வியாழக்கெழம கேஸ் சிலிண்டரத் தோள்ல போட்டு மூணு மாடி ஏறுன இடுப்புதானுங்களே?"

சரவணக்குமார் இருமினார். அன்று படிக்கட்டில் எனக்கு வழிவிட்டவர் அவர்தான்.

கலைமணி தாளைப் பிரித்து, ஊருக்கே கேட்கிற குரலில் அந்தத் தடித்த எழுத்தைப் படித்தாள். குழந்தைகள் கைதட்டினார்கள். நான் குனிந்தேன். செடியின் அடியைப் பிடித்து இழுத்தேன். ஈர மண் உதிர, கொத்தாகக் கடலை வந்தது.

"ஐ! மண்ணுக்குள்ளயா காய்க்குது?" என்று கூவினாள் சரவணக்குமாரின் ஆறு வயது மகள் கிருத்திகா. "அங்கிள், நான் பாக்கல. இன்னொருக்கா செஞ்சு காட்டுங்க!"

காட்டினேன். பின்வரிசைக்குத் தெரியவில்லையாம். மறுபடி காட்டினேன். பதின்மூன்று பேருக்கும் தனித்தனியாகக் காட்டி முடித்தபோது ஒரு சால், அந்த வரிசைச் செடி முழுக்கக் காலியாகியிருந்தது. அப்புறம் குழந்தைகளைப் பிடிக்க முடியவில்லை. பெற்றவர்களையும்தான். தொப்பி எங்கோ கிடக்க, சரவணக்குமார் ரயில் எஞ்சின் மாதிரி போய்க்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கடைசிக் கடலைக்கொடியையும் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினோம். கொல்லிமலைப் பக்கமிருந்து மழை வந்தது. கொட்டகையில் எல்லோருக்கும் அவித்த கடலை. மாமனார் சூடான கடலையை என் உள்ளங்கையில் வைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"இந்த மழையில அத்தனையும் போயிருக்கும் மாப்ள. ராத்திரியெல்லாந் தூக்கமில்ல எனக்கு."

என்ன மனிதன் நான் என்று தோன்றியது. இடுப்பு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது குழந்தைகள் தூங்கிவிட்டன. மெதுவாகச் சொன்னேன்.

"கலை, நேராவே கூப்பிட்டிருக்கலாமே. வந்திருப்பேன்."

"நீங்க மட்டுந்தான வந்திருப்பீங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"அப்பாவுக்கு ரொம்பச் சந்தோசமுங்க. ஆளு கெடைக்காமத்தான் இத்தன வருசமா அரை ஏக்கரோட நிறுத்தி வெச்சிருந்தாராம்."

"அப்ப அடுத்த வருசம்?"

"மூணு ஏக்கருங்க. நீங்க பேப்பர மட்டும் கொஞ்சம் நெறையாப் பிரிண்ட் போட்டு வெச்சுக்கங்க."