ராசாங்கம் வீட்டு வேகத்தடை

ராசாங்கம் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது லாரி போனது. போனது என்று மரியாதைக்குச் சொல்லலாம், பறந்தது. சுண்ணாம்புக்கல் தூசி வந்து காபியின் மேல் வெள்ளையாகப் படிந்தது. காலையிலிருந்து இது ஏழாவது லாரி. மாசி பிறந்தால் வருடாவருடம் இதே கூத்துதான், இந்த வருடம் அவர் பொறுப்பதாக இல்லை.

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவுக்கு ரோடு போட நிலம் கொடுத்தவர் ராசாங்கத்தின் தாத்தா. அந்த ரோட்டில் கல் லாரிகள், பேரனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இப்படி ஓடினால் குடும்பத்துக்கு என்ன மரியாதை?

மறுநாளே வாசலில் ஒரு பலகை நட்டார். 'மெதுவாகச் செல்லவும். இப்படிக்கு, ராசாங்கம்.'

டிரைவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பெயரைப் படித்துவிட்டு, வேகத்தை மட்டும் குறைக்காமல், ஒரு கையால் வணக்கம் வைத்து மறு கையால் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். அதுவரை தூசி மட்டும்தான் இருந்தது. இப்போது சத்தமும் சேர்ந்துகொண்டது. கொல்லையில் கறவை மாடு மிரண்டு பால் செம்பை உதைத்தது.

எதிர்வீட்டில் வேம்பு சிரித்தார். வேம்பு, ராசாங்கத்தின் சித்தப்பா மகன். ஒரு முழ வேலிக்காக இருவரும் பேச்சை விட்டு ஏழு வருடம் ஆகிறது. தெருவில் டிராக்டர் வைத்திருப்பவர் வேம்பு ஒருவர்தான். மாசி மாதம் ஊரே உளுந்துச் செடியைக் களத்தில் பரப்பி, அந்த டிராக்டரை மேலே ஓட்டித்தான் உளுந்து பிரிக்கும். அதன் டயர் தன் உளுந்தின் மேல் படக்கூடாது என்று ராசாங்கம் ஏழு வருடத்துக்கு முன்பே அறிவித்துவிட்டார். அப்புறம் உளுந்து எப்படி மூட்டைக்குள் போகிறது என்று அவர் விசாரித்ததில்லை. செடியை மனைவி சம்பூர்ணம் வாசல் ரோட்டில் காயப்போடுவாள். பெண்கள் வேலையில் தலையிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம் அல்ல.

திங்கட்கிழமை மனுவோடு கிளம்பினார். அரியலூருக்கென்று ஒரு மாவட்டத்தைக் கொடுத்துவிட்டு, மறு வருடமே சர்க்கார் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த சமயம் அது. ஆகவே வீட்டு வாசலில் ஓடும் லாரியைப் பற்றிச் சொல்ல பெரம்பலூருக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது.

அங்கே ஆபீசர் மனுவை இரண்டு முறை படித்தார். வேகத்தடைக்கு ஆறு மாதம் ஆகும் என்றார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அந்த லாரிங்களுக்கு ஊருக்கு வெளிய தனி ரோடு இருக்குங்களே. உங்க தெருவுக்குள்ள வர வேலையே இல்லையே. யாராச்சும் கூப்பிடாம எப்படி வருவாங்க?"

ராசாங்கத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்று சாயங்காலம் நடுத்தெருவில் நின்று, வேம்பு வீட்டைப் பார்த்தபடி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"லாரிய எந்த வூட்டுக்காரங்க இந்தத் தெருவுக்குள்ள கூப்பிட்டாங்களோ, அந்த வூட்ல இனிமே நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். இது எங்க தாத்தா மேல சத்தியம்."

வேம்பு வீட்டில் அவர் தண்ணீர் குடித்தே ஏழு வருடமாகிறது என்பதால், சத்தியத்தில் பெரிய நஷ்டம் இல்லை.

சம்பூர்ணம்தான் வாசலுக்கு ஓடி வந்தாள். "ஏங்க, எதுக்குங்க அவசரப்பட்டு சத்தியமெல்லாம்? உள்ள வாங்க, சோறு ஆறுது."

ஆறு மாதம் காத்திருப்பது ராசாங்கத்தின் பரம்பரையில் இல்லை. சொந்த ஜல்லி, சொந்த சிமெண்டு, இரண்டே நாள். வாசலுக்கு நேராக வேகத்தடை எழும்பியது. எவ்வளவு உயரம் வைப்பது என்று கொத்தனார் கேட்டதற்கு, குடும்ப கௌரவத்துக்குக் குறையாமல் வைக்கச் சொன்னார். முழங்கால் உயரம் வந்தது.

வேகம் குறைந்தது, உண்மைதான். ஒவ்வொரு லாரியும் வாசலில் நின்று, முக்கி, முனகி, புகையை வீட்டுக்குள் விட்டு, நாலு கல்லையும் உதிர்த்துவிட்டு ஏறியது. காயப்போட்ட உளுந்து சக்கரத்தடியில் கிடந்து மாவாகியது. டவுன் பஸ் ஏறவே இல்லை. கண்டக்டர் தெருமுனையிலேயே விசிலடித்து எல்லாரையும் இறக்கிவிட்டார். மூட்டை முடிச்சோடு நடந்து வந்தவர்கள், நிலம் கொடுத்த தாத்தாவையும் சேர்த்து நினைவுகூர்ந்தார்கள். சம்பூர்ணம் இரண்டு நாளாகப் புருஷனிடம் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு லாரி மேட்டின் மேல் ஏறி, அடியில் வில்பட்டை முறிந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தெரு அடைபட்டது. ஊர் கூடியது. டிரைவர் வைரக்கண்ணு, நரைத்த மீசைக்காரர், இறங்கி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மேட்டை இடிக்க வேண்டும் என்றார்கள். உண்மை தெரியாமல் ஒரு ஜல்லியைக்கூட எடுக்க விடமாட்டேன் என்றார் ராசாங்கம்.

வேம்பு, பேச்சு இல்லாத காரணத்தால், லாரியைப் பார்த்துப் பேசினார். "கூப்பிட்டது நானா இருந்தா, என் கையாலயே இந்த மேட்ட இடிச்சுட்டு எல்லார் கால்லயும் விழுறேன். வேற ஆளா இருந்தா, சத்தியம் பண்ணுனவங்க அத காப்பாத்தணும்."

"எங்க குடும்பத்துல சொன்ன சொல்லு மாறுனது கெடையாது," என்று ராசாங்கமும் லாரியிடமே சொன்னார்.

"போதும், உள்ள வாங்க," என்று சம்பூர்ணம் அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

அவர் துண்டை உதறினார். மீசையைத் தடவிக்கொண்டு, வேம்பின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏம்ப்பா டிரைவரு, பயப்படாம சொல்லு. இந்தத் தெருவுக்குள்ள உங்கள வரச் சொன்னது யாரு?"

வைரக்கண்ணு ராசாங்கத்தின் தோளுக்குப் பின்னால் பார்த்து, பழகிய சிரிப்புச் சிரித்தார்.

"நம்ம சம்பூர்ணம் அக்காதாங்கய்யா. மெதுவாப் போனா உளுந்து மாவாப் போயிடும், வெரசாப் போனாதான் நல்லா உதிரும்னு சொல்லி, ஏழு வருஷமா மாசி பொறந்தா எங்களுக்கு மோரு ஊத்துறது அவங்கதானே."