கூம்புக் கணக்கும் சின்ன வெங்காயமும்

வலது கண்ணில் வெங்காயச் சாறு அளவாக இறங்கியது. இடது கண்ணில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ரஞ்சிதா தனியாக நின்று குதித்தாள்.

கல்பாக்கம் பக்கமெல்லாம் அந்த மாதம் மெட்ராஸ் ஐ. பத்தாம் வகுப்பின் கணக்குப் பாடத்தைப் பார்வையிட அன்று ஆபீசர் வருகிறார். பார்வதம் மிஸ் கட்டாயம் யாரையாவது போர்டுக்குக் கூப்பிடுவார். மிஸ் ஒருநாளும் தன் கையால் போர்டில் கணக்குப் போட்டதில்லை. பிள்ளைகள்தான் போட வேண்டும். போட்டு முடித்ததும் கேட்பார்:

"நிச்சயமா?"

அணுமின் நிலைய டவுன்ஷிப் ஹரிப்ரியா, "யெஸ் மிஸ்" என்பாள். ரஞ்சிதா உடனே அழித்துவிடுவாள். வகுப்பு சிரிக்கும். அழித்தது குப்பத்துப் பெண் என்றால் இன்னும் கொஞ்சம் சிரிக்கும். இன்னொரு தரம் அப்படிச் சிரித்தால் பள்ளிக்கூடமே வேண்டாம், கருவாடு காயப்போடப் போய்விடுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அண்ணனின் கறுப்புக் கண்ணாடியோடு வகுப்புக்குள் நுழைந்தாள்.

"அய்யோ, பாக்காதீங்கடி! பாத்தாலே ஒட்டிக்கும்!" ஹரிப்ரியா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டர் கோபாலகிருஷ்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவ பக்கத்துல யாரு உக்காருவீங்க?"

ஒரு கையும் எழவில்லை.

"இவகூட யாரு சாப்பிடுவீங்க?"

"யாருமில்ல சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. வேற யாருக்கும் வந்திருக்காது."

அவருக்கு உண்மையிலேயே நிம்மதி. ரஞ்சிதாவுக்குக் கண் எரிந்தது. அது வெங்காயம்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போறேன் சார்."

"பஸ்ல போயி ஊருக்கே பரப்புவியா? சாயங்காலம் வரைக்கும் ஸ்டோர் ரூம்ல உக்காரு."

ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளும், கிழிந்த உலகப் படமும், ஒரு நாற்காலியும் இருந்தன. நாற்காலியில் இன்னொரு கறுப்புக் கண்ணாடி.

பார்வதம் மிஸ்!

"உனக்குமா?" என்றார் மிஸ்.

"ஆமா மிஸ்."

எவரிடமிருந்து தப்பிக்கக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாளோ, அவரோடு ஒரே அறையில். வெளியே ஆபீசரின் ஜீப் வந்து நின்றது. மிஸ் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சும்மாதானே இருக்கோம். ஒரு கணக்குப் போடு."

"கண்ணு தெரியல மிஸ்."

"மனசால போடு. கூம்பு. ஆரம் ஏழு, உயரம் மூணு. கன அளவு?"

ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்சு இல்லை. ரஞ்சிதா கண்ணை மூடினாள். மூன்றில் ஒன்று, இருபத்திரண்டின் கீழ் ஏழு, ஏழேழு நாற்பத்தொன்பது...

"நூத்தி அம்பத்தி நாலு மிஸ்."

"நிச்சயமா?"

கை தானாக டஸ்டரைத் தேடியது. இங்கே டஸ்டர் இல்லை. அழிக்க எதையும் எழுதவும் இல்லை. சிரிக்கவும் ஆள் இல்லை.

"நிச்சயமா மிஸ்."

மிஸ் பெருமூச்சு விட்டார்.

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. சத்துணவு ஆயா ஆதியம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஆபீசர் பூட்டாரு டீச்சர், கண்ணாடிய கழட்டுங்க. காலைல எங்கிட்ட வாங்கினு போனீங்களே வெங்காயம், மிச்சம் கீதா? சாம்பாருக்குப் பத்தல."