ஈக்வடாருக்கு ரிட்டயர் ஆனவர்

என் வீட்டுக்காரர் கருப்பசாமி முப்பத்தாறு வயதில் ரிட்டயர் ஆனார். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸில் எல்லோரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு அமெரிக்காவில் லே-ஆஃப் என்று பேர். ரிட்டயர்மெண்ட் என்பது இவராக வைத்துக்கொண்ட பேர்.

அது இரண்டாயிரத்தொன்று, பிப்ரவரி. நியூ ஜெர்சியில் நாங்கள் இருந்த மான்மவுத் ஜங்ஷனில் வெயிலைப் பார்த்து வாரக்கணக்காகியிருந்தது. எங்கள் வீட்டு வரிசையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வேலை போய் ஒவ்வொன்றாக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. போகிறவர்கள் மிச்சத் துவரம் பருப்பையும் பாதி தீர்ந்த புளியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அலமாரி நிறைந்தது. தெரு காலியானது. எங்கள் விசா இவர் வேலையோடு முடிச்சுப் போட்டது. சீக்கிரம் வேறு வேலையில் சேராவிட்டால் நாங்களும் யாரிடமாவது பருப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இவரோ கீழ் ரூமில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சவரம் செய்யாத முகத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

வேலை கிடைக்காமலும் இல்லை. டெக்சாஸில், ஆலனில் இருக்கும் இவர் சிநேகிதர் மதன், தன் டீமுக்கே வரச் சொல்லிக் கூப்பிட்டார்.

"மதனுக்குக் கீழயா? அவனுக்கு புரோகிராம் எழுதவே நான்தான் சொல்லிக் குடுத்தேன்!"

"அதானுங்க, கத்துக்கிட்டவருக்கு இன்னும் வேலை இருக்குதே."

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கீழ் ரூமுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மேலே ஏறி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"நாகு, முடிவு பண்ணிட்டேன். ஈக்வடார்."

"அது என்னங்க, மாத்திரையா?"

"தென் அமெரிக்காவுல ஒரு நாடு. குவென்கான்னு மலை மேல ஒரு ஊரு. பனியும் இல்ல, புழுக்கமும் இல்ல. அங்கயும் இப்ப டாலர்தான். இங்க இருக்கறவங்க ரிட்டயர் ஆகி அங்கதான் போறாங்களாம். சேத்து வெச்சத எடுத்துட்டு நாமளும் போயிடலாம்."

"அவங்கெல்லாம் வயசானவங்களுங்க."

"மனசால எனக்கு எழுபது."

சிரிக்காமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒருத்தரும் நம்மளத் தேடி வர மாட்டாங்க. ஒரே அமைதி. நான் வீட்லயே இருப்பேன்."

"ஆல் டே?" என்று கேட்டுவிட்டு எங்கள் மகள் ரோஷினி அழ ஆரம்பித்தாள்.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இன்ஜினியரோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான வாரமே தெரிந்துவிட்டது. சரி என்று சொன்னால்தான் ஆடிப்போவார்.

"போலாமுங்க," என்றேன்.

சாயங்காலம் போனை எடுத்தேன். ஒரு நம்பரும் அழுத்தவில்லை. கீழ் ரூமுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். ஊருக்குப் பேசினால் கத்துவதுதான் எங்கள் வழக்கம், அதனால் சந்தேகம் வராது.

"பெரிய மாமாங்களா? நாங்க ஈக்வடாருக்குக் குடி போறமுங்க! ஆமாங்க, பெரிய வீடு... அவரு சும்மாதான் இருப்பாரு, நாள் பூரா உங்ககூடவே உக்காந்து பேசுவாருங்க... அத்தையையும் கூட்டிட்டு வாங்க... ஒரு வருசம் இருக்கறீங்களா? அதுக்கென்னங்க!"

மாடிப்படி தடதடத்தது.

பெரிய மாமா என்றால் இவருடைய பெரியப்பா வெள்ளியங்கிரி. விடிவதற்கு முன்னால் எழுந்து, மற்றவர்கள் ஏன் எழவில்லை என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்பவர். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டப் போன நேரத்தில், "முதுகை நிமித்தி உக்காரு சாமி" என்று இவரை அதட்டி, கெட்டிமேளத்தையே நிறுத்தியவர்.

"பெரியப்பாவையா கூப்பிட்ட?"

"பின்ன? குடி போறோம், பெரியவங்களக் கூப்பிடாம இருந்தா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"இத்தனை வருசமா கூப்பிடலையே!"

"இத்தனை வருசமா உங்களுக்கு வேலை, லீவு இல்லைன்னு சொல்லிட்டு இருந்தோம். ரிட்டயர் ஆனவருக்கு என்னங்க சொல்றது?"

சுவரைப் பிடித்துக்கொண்டார். "எப்ப வர்றாங்களாம்?"

"நாம வீடு பாத்ததுமே. அத்தை ஊறுகாய்க்கு மாங்கா சொல்லிட்டாங்களாம்."

வாரக் கடைசி முழுக்கக் கீழ் ரூமில் நடந்துகொண்டே இருந்தார். திங்கட்கிழமை சவரம் செய்த முகத்தோடு வந்தார்.

"மதன் பாவம், ஆள் இல்லாம கஷ்டப்படறான். எனக்காக இல்ல, அவனுக்காகப் போறேன்."

"உங்களுக்கு நல்ல மனசுங்க."

கிளம்பும்போது பருப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று பார்த்தேன். தெருவில் ஒருவரும் மிச்சமில்லை. காரிலேயே ஏற்றினேன்.

ஆலனில் முதல் வாரம் வேலைக்குப் போய் வந்தவருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"இன்னைக்குப் பெரியப்பாவுக்குப் போன் பண்ணினேன்," என்றார்.

கரண்டி அப்படியே நின்றது. "எதுக்குங்க?"

"கூப்பிட்டுட்டு அப்புறம் வேண்டாம்னா முறையா? வீட்டு ஆம்பளை நானே ஒரு வார்த்தை சொல்லணுமில்ல? 'ஈக்வடார் போகலீங்க பெரியப்பா'ன்னேன். 'அது எங்கப்பா இருக்குது? நாகமணி கடைசியாப் பேசினதே பொங்கலப்பத்தானே, அதுக்கப்புறம் போனே இல்லையே'ன்னாரு."

தோசை கருகியது.

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குப் புரிஞ்சுது." கோபமே இல்லாமல் சட்னியைத் தொட்டுக்கொண்டார். "அவங்களுக்குப் போன வருசமே அமெரிக்கா விசா ஆயிடுச்சாம். நாம கூப்பிடுவோம்னு காத்துட்டு இருந்திருக்காங்க, பாவம். டெக்சாஸுக்கு வாங்கன்னுட்டேன். அடுத்த மாசம் வர்றாங்க. ஆறு மாசம் இருப்பாங்க."

"ஐயோ! நாள் பூரா அவருக்கு யாருங்க பதில் சொல்றது?"

கையைக் கழுவிவிட்டு வந்து, நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலையே நாகு. எனக்கு ஆபீஸ் இருக்குதே."