என் கல்யாணத்துக்கு நானே சொன்ன தடை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தூர், சென்னை ராஜதானியில் இருந்த உலகச் சண்டைக் காலம். மாலையானால் நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பேப்பரை உரக்கப் படிப்பார். ஒரு பத்தியில் குண்டு, அடுத்ததில் வங்கக்கடல் புயல், அதற்கடுத்து யாரோ கண்டுபிடித்த புது மிஷின். மூன்றையும் ஒரே குரலில் படித்துவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போவார். நான் நடுங்கிக்கொண்டிருப்பேன். மேகம் மூடினால் விமானத்துக்கு ஊர் தெரியாதாம். அதனால் மழைக்கு ஜெபிப்பேன். உடனே புயல் ஞாபகம் வந்து, ஜெபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். (கர்த்தருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.)

விமானச் சத்தம் கேட்டால் துணியைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும் என்று ஒருநாள் படித்தார். அன்றிலிருந்து என் இடுப்பில் ஒரு கந்தல் துணி.

அப்போதுதான் திருப்பதியில் கம்பவுண்டராக இருந்தவரை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இவரை எனக்கு, சொல்ல வெட்கம், பிடித்தும் இருந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். அதாவது, பெண் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, தடை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்று போதகர் கேட்பார். மூன்றாம் ஞாயிறு மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

போதகர் கேட்டு நிறுத்தினார். அந்த அமைதியில், சுவருக்கு அப்பால் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. துணியை வாயில் திணித்துக்கொண்டு, வெளியே ஓடலாம் என்று எழுந்துவிட்டேன்.

"இன்னாம்மா இது, உன் கல்யாணத்துக்கு நீயே தடை சொல்றியா?" என்றார் போதகர்.

"ம்ம்ம்!" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். "ஐயோ தேவுடா! பொண்ணு வாய்ல துணி வெச்சி அடைச்சி இட்டாந்திருக்காங்களே! இஷ்டம் இல்லாத பொண்ணையா எங்க தலையில கட்டறீங்க?"

"நாங்க அடைக்கலீங்கம்மா! பேப்பர்ல போட்டிருந்தான்!" என்று நைனா கத்தினார்.

துணியைப் பிடுங்கி, "பிளேன்!" என்று அலறிவிட்டுக் குப்புற விழுந்தேன். என் பின்னால் பாட்டுக்குழு முழுவதும் விழுந்தது.

சுவருக்கு வெளியே ஒருவன், "அண்ணே, பத்திக்கிச்சி! வண்டிய எடு!" என்றான். பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காக முதுகில் கரியடுப்பு கட்டி, கரி வாயுவில் ஓடிய காணிப்பாக்கம் பஸ் அது. கிளீனர் அடுப்புக்குக் காற்றாடி சுற்றியிருக்கிறான்; அந்தச் சத்தம்தான்.

யாரும் சிரிக்கவில்லை. "எழுந்தவ எழுந்தவதான். எழுதிக் குடுக்காம ஓலை செல்லாது" என்று போதகர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா, "யோசிச்சி சொல்றோம்" என்று உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மதியம் நான் பட்ட பயத்துக்கு முன்னால் குண்டும் புயலும் ஒன்றுமே இல்லை.

இருபத்தைந்து வருஷமாகியும், குழம்பில் உப்பு குறைந்தால் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் சொல்வார்: "உங்கம்மா அன்னிக்கே எந்திரிச்சி நின்னா. நான்தான் கேக்கல."

ஓலை வாசித்த மறுநாள் திங்கட்கிழமை. போதகர் வீட்டில், 'என் கல்யாணத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்து மாமியார் போட்டார்.