வெடிக்காரரின் பித்தளைக் கூடு

மலாயாவில், கெடா மாநிலத்தில், ஒரு ஜப்பான் அதிகாரியின் முகத்துக்கு நேராக "நீங்க சொல்றது தப்பு" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் கழுத்தின்மேல் தலையோடு நடமாடிய ஒரே மனிதர் எங்கள் தோட்டத்து வெடிக்காரர்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். திருத்தப்படுவது எனக்குப் பழக்கம். அவரோடு ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் நான்.

புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். நான் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அதாவது, பெரிய கிராணி செய்த பிழைகளுக்கும் திட்டு வாங்குவது என் உத்தியோகம். வெடிக்காரரின் உத்தியோகம், ரப்பர்க் கன்றுகளைக் கிளறிப்போடும் காட்டுப்பன்றிகளைச் சுடுவது. பன்றிகளுக்கு அவரிடம் பெரிய பயம் இருந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரத் துரை ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு சமயத்தில் ஒரு தோட்டாதான். சுட்ட பிறகு மிஞ்சும் வெறும் பித்தளைக் கூட்டை ஆபீசில் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். பன்றி விழுந்ததா என்று எவரும் கேட்பதில்லை. கூடு வந்ததா என்றுதான் கேட்பார்கள். துரையே மறந்தாலும் வெடிக்காரர் அந்தச் சட்டத்தை மறக்கமாட்டார்.

"தோட்டா கொண்டாந்தீங்களாண்ணே?" என்று நான் கேட்டுவிட்டால் போச்சு.

"தோட்டா நீ குடுக்கறது. நான் கொண்டாறது கூடு. உள்ள மருந்தும் குண்டும் இருந்தா தோட்டா, வெடிச்சு வெறும் பித்தளையாப் போச்சுன்னா கூடு. படிச்சவன்தானே நீ?"

ஒரு தடவை கூடு கைதவறிச் சதுப்பில் விழுந்துவிட்டது. மூன்று நாள் இடுப்பளவுச் சேற்றில் நின்று தேடினார். நாலாம் நாள் காய்ச்சலோடு வந்து மேசைமேல் வைத்தார், கழுவித் துடைத்து.

இந்தக் கூடு அவருடைய கல்யாணத்தையும் தின்றது. செர்டாங்கில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தகப்பனார் மரியாதைக்காக, "மாப்ள காட்டுல தோட்டா பொறுக்குவாராமே?" என்று கேட்டிருக்கிறார். இவர் தோட்டாவுக்கும் கூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தார். காப்பி ஆறி, பலகாரம் ஆறி, கடைசியில் பெண்ணும் எழுந்து உள்ளே போய்விட்டாளாம். அதன்பின் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில் தனியாகவே இருந்தார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடினார். துப்பாக்கியைக் கோலா கெத்தில் போலீசில் ஒப்படைக்கச் சொன்னார்கள், வெடிக்காரர் ஒப்படைத்தார். ஆனால் ஓடுவதற்கு முந்தின மாதம் துரை, கூடு எண்ணி வாங்க நேரமில்லாமல், தோட்டாக்களை மொத்தமாகக் கொடுத்திருந்தார். அவற்றைச் சுட்ட கூடுகளை வாங்க இப்போது ஆளில்லை. அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்.

"கிராணி, வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போடு."

"தொரையே ஓடிட்டாருண்ணே. நான் வாங்கி வச்சு, ஜப்பான்காரன் பாத்தா?"

"தொரதானே ஓடுனாரு? ஆபீசு ஓடலையே."

நான் வாங்கவில்லை. அதற்குக் காரணம் நிர்வாக விதி அல்ல, பயம்.

தோட்டத்தில் உள்ள சாமான்களையெல்லாம் மலாயில் எழுதித் தரவேண்டும், மறைத்தால் தலை போகும் என்று உத்தரவு வந்தது. காலிக் கூட்டுக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். சோம்பலில் தோட்டாவுக்கு உள்ள சொல்லையே போட்டேன்: பெலுரு, ஒரு டின்.

மறுநாளே லாரியில் வந்துவிட்டார்கள். வெடிக்காரரை ஆபீஸ் முன்னால் முழங்காலிட வைத்து, அதிகாரி வாளின் பிடியில் கைவைத்துக்கொண்டு கத்தினான். "பெலுரு! எங்கே பெலுரு?"

"நீங்க சொல்றது தப்புங்க. பெலுரு இல்ல, கூடு." டின்னைத் திறந்து காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எழுதுனதும் தப்பு."

அதிகாரிக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அதுதான் ஆபத்தாகிவிட்டது. காலிக் கூட்டில் மறுபடி மருந்து அடைக்கலாம். காட்டுக்குள் இருக்கும் கலகக்காரர்களுக்கு அனுப்பலாம். "எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாய்?" என்று மலாயில் கேட்டான். நான் தமிழில் சொன்னேன்.

வெடிக்காரர் நிமிர்ந்தார். "தொர திரும்பி வந்தா ஒப்படைக்கணும்ல? சொல்லு."

வெள்ளைக்காரனுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஜப்பான்காரனிடம் சொல்வதா? வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஐயா, இவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. சாயங்காலத்தில் இதை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்."

"ஊதச் சொல்."

"அண்ணே, ஒண்ணு எடுத்து ஊதுங்க."

"கூடு என்ன நாதஸ்வரமா?"

"தல இருக்கணும்னா ஊதுங்கண்ணே."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டை உதட்டில் வைத்து ஊதினார். காடை கூப்பிட்டுப் பதில் வராததுபோல ஒரு சத்தம் வந்தது. அதிகாரி இன்னொரு முறை ஊதச் சொன்னான். மூன்றாம் முறையும் சொன்னான். அவனுக்கு யார் ஞாபகம் வந்ததோ, கொஞ்ச நேரம் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பித்தளைக்காக டின்னை லாரியில் ஏற்றினான். வெடிக்காரர் கையிலிருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

"அவன்கிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். திருத்துவார் என்று காத்திருந்தேன். திருத்தவில்லை.

அன்று சாயங்காலம் கடைசி அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தினமும் கேட்டது.

சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது, தனிக்கட்டைகளை முதலில் எழுது என்றார்கள். எழுதியதும் நான்தான். அப்போதுதான் அவர் பெயரே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. போய்க் கேட்டேன்.

"வெடிக்காரன்னே எழுது. தப்பா எழுதறது ஒனக்கு என்ன புதுசா?"

லாரி ஏறுமுன் இடுப்பிலிருந்து அந்தக் கூட்டை எடுத்து என் கையில் வைத்தார். "இந்தா, கூடு குடுத்தாச்சு. அடுத்த தோட்டாவ வந்து வாங்கிக்கறேன்." இந்தத் தடவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கையெழுத்துக் கேட்கவில்லை அவர்.

சயாமிலிருந்து திரும்பியவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டேன். அவரைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

கூடு என் மேசையில் இருக்கிறது. சில சாயங்காலங்களில் எடுத்து ஊதிப் பார்க்கிறேன். காற்றுதான் வருகிறது. "இப்படியா ஊதுறது? படிச்சவன்தானே நீ?" என்று அவர் வந்து திருத்தினால் தேவலை.