நாலாவது கதையில் வந்த பேய்

பேய் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதுதான் இப்போது பிரச்சினை.

மேசை மேல் வெள்ளைத்தாள், கையில் பேனா, சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. ஐந்து மணிக்குள் விமர்சனம் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். காற்புள்ளி பேனா மூடியைக் கடித்தபடி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

பதினோரு வருஷமாக ஒரு நாளிதழில் பிழை திருத்துகிறவர் அவர். எழுதுகிறவர்கள் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் விட்ட காற்புள்ளிகளைத் தேடித் தேடி வைப்பது இவர் வேலை. அலுவலகத்தில் காற்புள்ளி என்பதே அவர் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ஒரு தடவையாவது அச்சில் வர வேண்டும் என்று ஓர் ஆசை மட்டும் மனசின் ஓரத்தில் கிடந்தது.

நேற்று சினிமா விமர்சகருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆசிரியர் இவரைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில நம்ம வாசகர்களுக்குத் தனிக் காட்சி. படம் வெள்ளிக்கிழமைதான் வெளிய வருது. முதல் விமர்சனம் நம்மளோடதா இருக்கணும். நீரே எழுதிடும். குடும்பத்தோட வாரும். பேர் போட்டு வரும்."

"பேர் போட்டா சார்?"

"கொட்டை எழுத்துல."

அந்தக் கொட்டை எழுத்தில் மயங்கி, என்ன படம் என்று கேட்க மறந்துவிட்டார்.

படத்தின் பெயர் 'கண்டெடுத்தவை'. செத்துப்போனவர்களின் கேமராவிலும் செல்போனிலும் கிடைத்த பதிவுகள் என்று சொல்லி, நாலு தனித்தனிக் கதைகளைக் கோத்து எடுத்த பேய்ப்படம். காற்புள்ளியோ, குளியலறையில் கரப்பான்பூச்சி தென்பட்டால் மனைவி வந்து விரட்டும்வரை பல் தேய்க்காமல் காத்திருக்கிற ஆள்.

முதல் இரண்டு கதைகளை எப்படியோ விரல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார். இடைவேளை முடிந்து அரங்கு இருண்டதும், கைக்குட்டையை நாலாக மடித்துக் கண்களின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அதன் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் சத்தம்தான். தண்ணீர் சொட்டியது. கதவு கிறீச்சிட்டது. ஒரு பெண் "வருது... அது வருது!" என்று கத்தினாள். அரங்கமே வீல் என்று அலறியது. தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று அவரும் சேர்ந்து அலறினார்.

இப்போது எழுத வேண்டும்.

"ஏம்மா," என்றார் சமையலறையைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக. "அந்த நாலாவது கதை உனக்கு எப்படி இருந்துச்சு?"

மனைவி கை துடைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பெருமை. "பயங்கரம்ங்க. அந்தக் குழந்தை உத்தரத்துல தலைகீழாத் தொங்குச்சே, எனக்கு உசுரே போயிடுச்சு."

'உத்தரத்தில் குழந்தை' என்று குறித்துக்கொண்டார். நிம்மதியாக இருந்தது.

"குழந்தையா?" கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்தார். "அது பொம்பளை. தலைவிரி கோலமா, ஈரப் புடவையோட. தண்ணி சொட்டுச்சே, எங்கேயிருந்து சொட்டுச்சாம்?"

"நான் சொன்னது நிஜம்மா. நீ தூங்கியிருப்பே."

"தூங்கினேனா? கண்கொட்டாம பார்த்தேன்டி நான்!"

மைத்துனன் சோபாவிலிருந்து மெல்லச் சிரித்தான். எந்தப் படத்தைப் பற்றியும் கருத்து வைத்திருக்கிறவன் அவன்.

"ரெண்டு பேருமே கவனிக்கலை. மாமா, நீங்க கவனிச்சிருப்பீங்க. பேயைக் காட்டவே இல்லையே! கண்ணாடியில ஒரு முகம் வந்து போகும், அரை செகண்டு. டைரக்டர் வெளுத்து வாங்கிட்டான்."

"ஆமாமா, கவனிச்சேன்," என்றார் காற்புள்ளி.

"எது சரி மாப்பிள்ளை? நீங்களே சொல்லுங்க," என்றார் மாமியார்.

"அது... ஒவ்வொருத்தர் பார்வையைப் பொறுத்தது அத்தை."

மூன்றாவது கதைக்கு இந்தத் தகராறு இல்லை. "மூணாவது சுமார்," என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நாலாவதுக்கு முதலில் குழந்தையை எழுதினார். படித்துப் பார்த்த மாமியார் மூக்கைச் சுளித்தார். குழந்தையை அடித்துவிட்டு ஈரப் புடவையைப் போட்டார். மனைவியின் முகம் சுருங்கியது. "என் பேச்சுக்கு இந்த வீட்டுல எப்ப மதிப்பு இருந்துச்சு?" என்று தொடங்கினாள். இரண்டையும் எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைத்தார். பெண்கள் இருவரும் ஒன்று சேர்ந்துகொண்டு மைத்துனனை வறுத்தெடுத்தார்கள். மணி நாலரை ஆகிவிட்டது.

கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தார். மூன்று பேய்களுக்கும் நடுவே காற்புள்ளி வைத்தார்.

'நாலாவது கதையில் பேய் உத்தரத்தில் குழந்தையாக, ஈரப் புடவையில் பெண்ணாக, கண்ணாடியில் வெறும் முகமாக, ஒரே நேரத்தில் மூன்று விதமாகத் தோன்றுவது திரையில் இதுவரை நாம் காணாதது.'

காணாதது என்கிற வார்த்தையில் மட்டும் பொய் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஆசிரியர் படித்தார். அவரும் தனிக் காட்சிக்கு வந்திருந்தார், முன்வரிசையில்.

"பேஷ்!" என்றார் ஆசிரியர். "நான் பார்த்ததை அப்படியே எழுதியிருக்கீரய்யா!"

மறுநாள் காலை அவர் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. மனைவி பத்திரிகையில் நாலு பிரதி வாங்கினாள். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஈரப் புடவை வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார். மைத்துனன் கண்ணாடி வரியைப் படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். அவரவர் பேய் அவரவருக்குக் கிடைத்ததில் வீடே குளிர்ந்திருந்தது. காற்புள்ளி தன் பெயரைத் தடவிப் பார்த்தார். எழுத்துப் பிழை இல்லை.

பத்து மணிக்கு அலுவலகத் தொலைபேசி அலறத் தொடங்கியது. தனிக் காட்சி பார்த்த வாசகர்களில் பாதிப் பேர் ஆஹா என்றார்கள். மீதிப் பேர் அபத்தம் என்றார்கள். மதியத்துக்குள் இரண்டு பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

ஒருவர் பல் டாக்டர் அம்மா. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"அந்தப் பேய்க்கு முன்பல் ரெண்டும் துருத்திட்டு இருந்துச்சே, அதைப் பத்தி ஒரு வரி இல்லையே சார்? நான் இருபது வருஷமாப் பல்லைப் பார்க்கிறவ. என் கண்ணு தப்பாது."

இன்னொருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். "பல்லை எப்படிம்மா பார்த்தீங்க? அது முகத்தைக் காட்டவே இல்லை. முதுகைக் காட்டிக்கிட்டு ரிவர்ஸ்ல வந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, சுவர்ல இடிக்காம, தூணை உரசாம, அவ்வளவு சுத்தமா வந்துச்சு. என்கிட்ட படிக்கிறவங்க யாருக்கும் வராது."

"ரிவர்ஸா? நீங்க வேற தியேட்டருக்குப் போயிட்டீங்க போல."

"நான் ரெண்டாவது வரிசைம்மா!"

ஆசிரியர் கைகளைத் தேய்த்துக்கொண்டு அறையிலிருந்து வந்தார். ஒரு விமர்சனத்துக்காக வாசகர்கள் படியேறி வந்து சண்டை போடுவதை அவர் பார்த்ததே இல்லை.

"உட்காருங்க, உட்காருங்க. எல்லாம் சரிதான். நம்மாளு தீர்ப்பு சொல்லட்டும். அதைப் பெட்டிச் செய்தியாப் போட்டுடுவோம்." காற்புள்ளியின் தோளில் தட்டினார். "இனிமே பேய்ப்படம் எது வந்தாலும் நீர்தான். அடுத்த வாரம் ஒண்ணு இருக்கு. இதைவிட மோசமாம்."

காற்புள்ளி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாரா வாரம் பேய். வாரா வாரம் கைக்குட்டை. ஒவ்வொரு வாரமும் மூன்று பேரைக் கெஞ்சி, ஆளுக்கொரு பேயை வாங்கி, தைத்துக் கொடுக்க வேண்டும். எதிரே ஒரு பக்கம் முன்பல், ஒரு பக்கம் ரிவர்ஸ். எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் மறுபக்கம் விடாது.

கொட்டை எழுத்து ஒரு நாள் வந்தது போதும் என்று தோன்றியது.

"சார்... நான் ஒண்ணு சொல்லணும். நான் அந்தக் கதையைப் பார்க்கலை."

"என்னது?"

"எனக்குப் பேய்ன்னா பயம் சார். இடைவேளைக்கு அப்புறம் கடைசி வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுல கேட்டு எழுதினேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு இலேசாகிவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு மூச்சை முழுசாக இழுத்து விட்டார். வேலை போனாலும் பரவாயில்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டு, மாமியாரோடு உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அறையில் இடி விழுந்தது.

"அடப்பாவி!" என்றார் ஆசிரியர். "முன்வரிசையில ஒரு காட்சி விடாம, இமை கொட்டாம பார்த்தேனய்யா நான்! என் பத்திரிகையில இப்படி ஒரு ஏமாத்து வேலையா?"

"கண்ணை மூடிக்கிட்டு விமர்சனமா?" பல் டாக்டர் கொதித்தார். "பொறுப்பு வேண்டாம்? நாங்கள்லாம் பயந்து நடுங்கினாலும் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தானே பார்த்தோம்?"

"கண்ணைத் திறந்து வைக்கத் தெரியாதவருக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அந்த ஒரு விஷயத்தில் மூவரும் ஒற்றுமையாகிவிட்டார்கள்.

காற்புள்ளி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நியாயம்தானே என்று பட்டது. அத்தனை பேர் தைரியமாகப் பார்த்த ஒன்றை, தான் ஒருவர் மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டோமே.

அப்போது வாசலருகே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தார். கையில் தொப்பியைச் சுருட்டி வைத்திருந்தார்.

"யாரப்பா நீ?" ஆசிரியர் அதே வேகத்தில் திரும்பினார்.

"நேத்து உங்க காட்சிக்குப் படம் ஓட்டின ஆபரேட்டருங்க. மொதலாளி நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."

"மன்னிப்பா? எதுக்கு?"

ஆபரேட்டர் தொப்பியை இன்னொரு சுற்றுச் சுருட்டினார்.

"இடைவேளைக்கு அப்புறம் புரொஜெக்டர் விளக்கு எரியவே இல்லீங்க, கடைசி வரைக்கும் வெறும் சத்தம் மட்டும்தான் ஓடுச்சு, இப்ப யாராவது எழுந்து வந்து கேப்பாங்க, இப்ப கேப்பாங்கன்னு நடுங்கிட்டே இருந்தேன், அத்தனை பேர்ல ஒருத்தர்கூட வந்து கேக்கலீங்களே!"