வெர்னன் ஹாஸ்கலும் தாவும் முள்ளும்

பழுது என்று ஒன்று வந்துவிட்டால் வானத்தில் தேடுவார்கள், பூமியில் தேடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில்கூடத் தேடுவார்கள். தங்கள் கை பட்ட இடத்தில் மட்டும் தேடமாட்டார்கள். அப்படி ஓர் இனம் உண்டு. ஒஹாயோவில் எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் வெர்னன் ஹாஸ்கல் அந்த இனத்தின் தலைமகன்.

அவரிடம் ஐம்பத்தெட்டாம் வருடத்துக் கார் ஒன்று இருக்கிறது. போன கோடையில் அதன் முன்பலகைக்கு அடியில் ஒரு ரேடியோவைத் தம் கையாலேயே பொருத்தினார். தெருவே வந்து பார்த்தது. வராதவர்களை அவரே போய் இழுத்து வந்தார். மறுநாளிலிருந்து வேகம் காட்டும் முள் ஆட ஆரம்பித்தது. முப்பது மைலில் நிற்கும், அறுபதுக்குத் தாவும், மறுபடி முப்பதில் வந்து விழும். வெர்னன் எப்போதும் முப்பதைத்தான் நம்பினார்.

காரணம் அவருக்குத் தெரியாமலா? முதலில் டயர் என்றார், நாலையும் மாற்றினார். பிறகு சாலையைக் குண்டும் குழியுமாக வைத்திருக்கும் நகராட்சி என்றார். அப்புறம், இறந்துபோனதால் பதில் சொல்ல வழியில்லாத பழைய சொந்தக்காரர் என்றார். கடைசியில் வேக மீட்டரையே கழற்றி, பழுது பார்ப்பவர் ஒருவருக்கு அனுப்பினார். அவர் சோதித்துவிட்டு, இதில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து வெர்னன் கணக்கில் அவர் தொழில் தெரியாதவர்.

மனைவி டோரீன் ஒரே ஒருமுறை கேட்டார். "ரேடியோ வெச்சதுக்கு அப்புறம்தானே இது ஆடுது?"

"ரேடியோ நல்லாத்தானே பாடுது?" என்றார் வெர்னன். வழக்கு முடிந்தது.

மகள் ஜானெலின் திருமண நாள் வந்தது. வேறு காரில் போகலாம் என்று டோரீன் கெஞ்சியும் கேளாமல், அவரையும் மணப்பெண்ணையும் தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் புறப்பட்டார். பாதி வழியில் போலீஸ் நிறுத்தியது. முப்பதுக்குமேல் போகக்கூடாத இடத்தில் ஐம்பதில் வந்தாராம். வெர்னன் முள்ளைச் சாட்சிக்கு அழைத்தார். டயர், நகராட்சி, பழைய சொந்தக்காரர் என்று வரிசையாக விளக்கவும் தொடங்கினார். போலீஸ்காரர் அபராதச் சீட்டை எழுதிக்கொண்டே, இந்த முள்ளை நம்பி இனி வண்டியை நகர்த்தவிடமாட்டேன் என்றார். தேவாலயத்தில் பாதிரியார் காத்திருந்தார், மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருந்தார், பின் இருக்கையில் டோரீன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

முன் இருக்கையில் இருந்த ஜானெல் வெள்ளைக் கையுறையைக் கழற்றினாள். அம்மாவின் சந்தேகம் அவளுக்கும் இருந்தது. குனிந்து ரேடியோவின் பின்னால் கையை விட்டாள்.

"அப்பா, மீட்டருக்குப் போற கேபிள் இங்க ரேடியோவுக்குப் பின்னாடி மடங்கி நசுங்கிக் கெடக்கு. அதான் முள் இப்படி ஆடுது."

ரேடியோவை லேசாக அசைத்துக் கேபிளை வெளியே இழுத்துவிட்டாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, போலீஸ்காரர் தம் வண்டியில் சரியாக முப்பதில் முன்னால் போய் வழிகாட்டினார். முள் முப்பதில் அசையாமல் நின்றது. கல்யாணம் கொஞ்சம் தாமதமானாலும் நடந்தது.

விருந்தில் வெர்னன் கோப்பையை உயர்த்திக்கொண்டு எழுந்தார். மகளை வாழ்த்துவார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். "ரேடியோவ எவனோ தப்பா மாட்டியிருக்கான். எனக்கு மொதல்லயே ஒரு சந்தேகம்" என்று தொடங்கினார். மணப்பெண் மேசையடியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். டோரீன் சிரிப்பை அடக்கக் கேக்கை வாயில் திணித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் சமீபத்தில் எதுவோ கெட்டுப்போனதே, யாரையோ திட்டினீர்களே, அதைக் கடைசியாகத் தொட்ட கை யாருடையது? என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.